பாதாம்பால் நிறத்தில் ஒரு கிரைண்டர் உறை

அந்தக் காலத்து இங்கிலீஷ் காதல் நாவல்களில் வரும் கதாநாயகிக்கு அப்பா இருக்க மாட்டார், அம்மா இருக்க மாட்டாள், அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி இருக்காது. ஆனால் இரவு உடை மட்டும் அசல் பட்டில் இருக்கும். கழுத்தில் லேஸ், கையில் லேஸ், கணுக்காலில் லேஸ். பணக்காரக் கிழவி ஒருத்திக்குக் கடிதம் படித்துக் காட்டும் வேலைக்கு வந்தவள், ஒரே ஒரு பெட்டியோடு ரயிலை விட்டு இறங்குவாள். அந்தப் பெட்டியில் மாற்றுத் துணி இரண்டு இருந்தால் அதிகம். நூறாவது பக்கத்தில் இடி இடிக்கும், விளக்கு அணையும், அவள் மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்குவாள். அப்போது பார்த்தால் உடம்பில் பட்டுக் கவுன், அதற்கு மேலே அதே நிறத்தில் இன்னொரு மெல்லிய அங்கி. இதையெல்லாம் யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று எந்த எழுத்தாளரும் சொன்னதில்லை. நானும் ஐம்பது அறுபது புத்தகம் படித்த பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்கவே ஆரம்பித்தேன்.

கோவையில் ஹாஸ்டலில் தங்கி இங்கிலீஷ் இலக்கியம் படித்தவள் நான். காந்திபுரத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே லெண்டிங் லைப்ரரி இருந்தது. நடத்தியவர் பக்திமான். காதல் நாவல்களுக்கெல்லாம் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, மேலே எண் மட்டும் எழுதி வைத்திருப்பார். அந்தக் காகிதத்துக்கு உள்ளே, ஒரு தோளில் கவுன் நழுவிய பெண்ணொருத்தி, சட்டைக்குப் பொத்தானே இல்லாத ஒருவன் கையில் சாய்ந்துகொண்டிருப்பாள். எங்கள் வார்டன் பழுப்பு அட்டையை மட்டும் பார்த்துவிட்டு, இந்த ரூம் பிள்ளைகள்தான் ஒழுங்காகப் படிக்கிறார்கள் என்று மற்ற ரூம்களில் போய்ச் சொல்லி வந்தார்.

ரூமில் எட்டுப் பேர், புத்தகம் ஒன்று. அதனால் தையலைப் பிரித்து நான்கு துண்டாக்கிக்கொள்வோம். எல்லோரும் படித்து முடித்ததும் ஊசி நூலால் தைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். எனக்குப் பெரும்பாலும் கடைசித் துண்டுதான் முதலில் கிடைக்கும். அதனால் என் வரையில் கதாநாயகனும் கதாநாயகியும் முதலில் கல்யாணம் செய்துகொள்வார்கள், பிறகு கட்டிப் பிடிப்பார்கள், கடைசியில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் பிரிந்து போவார்கள். பின்னாளில் நான் பார்த்த பல குடும்பங்களுக்கு அந்த வரிசை சரியாகவே இருந்தது.

எங்களுக்குக் கதை முக்கியமில்லை, துணிதான் முக்கியம். பக்கத்துக்குப் பக்கம் பெயர் தெரியாத துணிகள் வந்தன. அர்த்தம் பார்க்கக் கல்லூரி நூலகத்தில் இருந்த குண்டு அகராதியைத் தேடிப் போவோம். அகராதிக்காரர்களுக்கு ரசனை கிடையாது. எதைப் புரட்டினாலும் ‘பெண்கள் அணியும் தளர்வான ஆடை’ என்று ஒரே பதில். ஒரு நாவலில் கதாநாயகியின் ‘ஷெமீஸ்’ நிலா வெளிச்சத்தில் நடுங்கியது என்று படித்துவிட்டு நாங்களும் ஒரு வாரம் நடுங்கினோம். கடைசியில் அது நாங்கள் மூன்றாம் வகுப்பில் சட்டைக்கு உள்ளே போட்டுக்கொண்டு, கழுத்தில் ஊக்கு குத்தி, மூக்கையும் துடைத்துக்கொண்ட அதே சிம்மீஸ்தான் என்று தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது.

இன்னும் பழைய காலத்துக் கதைகளில் இடுப்பை இறுக்கும் கச்சு ஒன்று வரும். திமிங்கிலத்தின் வாயில் இருந்து எடுத்த எலும்பு போன்ற பொருளை அதற்குள் வைத்துத் தைப்பார்களாம். கதாநாயகியின் முதுகில் வேலைக்காரி காலை வைத்துக் கயிற்றை இழுத்துக் கட்டுவாள். கதாநாயகிக்கு மூச்சு முட்டும், மயக்கம் வரும், கதாநாயகன் பேனாக்கத்தியால் கயிற்றை ஒரே வெட்டில் அறுத்துக் காப்பாற்றுவான். அவனைக் கூட்டிக்கொண்டு வந்து, வியர்வையில் ஊறி இறுகிப்போன எங்கள் உள்பாவாடை நாடாவின் முடிச்சை அவிழ்க்கச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு ஹேர்பின் வேண்டும், பல் வேண்டும், பொறுமை வேண்டும். மூன்றுமே அவனிடம் கிடையாது.

தமிழ் மாத நாவல்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? அவற்றில் நல்ல பெண்ணுக்கு இரவு உடையே கிடையாது. வாயல் புடவையோடு படுத்து, காலையில் அதே வாயல் புடவையோடு எழுந்திருப்பாள். மல்லிகைச் சரம் கசங்கியிருக்காது, முந்தானை விலகியிருக்காது. மெல்லிய கவுன் போட்டுக்கொண்டு மாடிப்படியில் இறங்குகிறவள் பணக்கார வீட்டுத் திமிர் பிடித்த பெண்ணாக இருப்பாள். முப்பதாவது பக்கத்தில் அவளுக்கு அறை விழும், கடைசிப் பக்கத்தில் புடவை கட்டித் திருந்திவிடுவாள். ஆனால் அட்டையில் மட்டும் அந்த நல்ல பெண்ணையே கவுனில் வரைந்திருப்பார்கள். எழுதியவரும் வரைந்தவரும் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லை என்பது என் முடிவு.

இந்த எல்லாப் புத்தகங்களிலும் ஒரு காரியம் மட்டும் நடக்கவே நடக்காது. யாரும் துவைக்க மாட்டார்கள். அத்தனை பட்டும் அத்தனை லேஸும் எந்தக் கொடியில் காய்ந்தன என்று ஒரு வரி கிடையாது. எங்கள் ஊரில் அதுதான் முதல் கேள்வி. பெண்களின் உள்ளாடையை வெறும் கொடியில் போடக் கூடாது. முதலில் அதைப் போட்டு, அதன் மேல் ஒரு துண்டையோ பாவாடையையோ விரித்து மூட வேண்டும். வெயில் மேலே இருக்கும் துண்டைக் காய வைத்துவிட்டுப் போய்விடும், கீழே இருப்பது ஈரத்திலேயே கிடந்து நாறும். சாயந்திரம் துண்டோடு சேர்த்துச் சுருட்டி, கள்ளக்கடத்தல் மாதிரி உள்ளே கொண்டுபோக வேண்டும். எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் முழுசாகக் காய்ந்த உள்ளாடை போட்டதில்லை. அரிப்பு, படை, புண் எல்லாவற்றுக்கும் மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசினோமே தவிர, அந்தத் துண்டை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு எனக்கு ஒரு பட்டுக் கவுன் வேண்டும் என்று ஆசை வந்தது. மூன்றாம் வருஷம் படிக்கும்போது, ஹாஸ்டலுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த காசோடு, ரூம்காரி ஒருத்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு திருப்பூர் காதர்பேட்டைக்குப் போனேன். ஏற்றுமதிக் கம்பெனிகளில் கழித்துப் போட்ட துணிகளை அங்கே குவியலாகக் கொட்டி விற்பார்கள். நாவல்களில் வரும் சீமைக்காரிகள் நிலா வெளிச்சத்தில் போட்டுக்கொள்ளும் துணிக்குப் பிசிறு வெட்டுவது எங்கள் பக்கத்துப் பெண்கள்தான். அவர்கள் டிபன் டப்பாவோடு கம்பெனி வேனில் ஏறி வந்து, தைத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் பூப்போட்ட காட்டன் நைட்டியில் படுத்துக்கொண்டார்கள்.

பனியன் குவியலுக்கு அடியில் அது கிடந்தது. பாதாம்பால் நிறத்தில் சாட்டின். பட்டு இல்லைதான், ஆனால் கையை வைத்தால் வழுக்கியது. தோளில் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத இரண்டு பட்டி, மார்பில் நான்கு விரல் அகல லேஸ், இடுப்புக்குக் கீழே தாராளமாக விரிந்து தரையைத் தொடும் பாவாடை. பக்கத் தையல் ஓரிடத்தில் கோணல். அதனால்தான் கழித்திருக்கிறார்கள். கடைக்காரர் அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒரே ஒரு தடவை அதைப் போட்டுக்கொண்டு ஆள் உயரக் கண்ணாடி முன்னால் நிற்க வேண்டும். என்னைப் பார்த்தால் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு இன்னொருவரும் பார்த்தால் சந்தோஷம். ஹாஸ்டலில் எட்டுப் பேருக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி. வீட்டிலோ அம்மா. அறைக் கதவைத் தாழ் போட்டால் இரண்டாவது நிமிஷம் தட்டுவார். சரி, கல்யாணத்துக்குப் பிறகு என்று அதே செய்தித்தாளில் சுற்றி வைத்துவிட்டேன். அது முட்டாள்தனம் என்று எனக்குச் சொல்ல யாரும் இல்லை.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை அமைந்தது. தென்னை, வாழை, கொஞ்சம் நெல், அதோடு மோட்டார் பம்பு பழுது பார்க்கும் பட்டறை. அவர் நல்ல மனிதர். நாவல்களில் கதாநாயகன் பெயரின் முதலெழுத்தைப் பொன்னூலில் தைத்த பட்டு அங்கி போட்டுக்கொண்டு நெருப்புக்கு முன்னால் நிற்பான். என் வீட்டுக்காரர் லுங்கியும், முதுகில் ஐந்து ஓட்டை விழுந்த பனியனும் போட்டுக்கொண்டு மின்விசிறிக்கு நேர் கீழே படுப்பார். புதுப் பனியன் வாங்கிக் கொடுத்தால், “ஓட்டை இருந்தாத்தான் காத்து வரும்” என்பார். பனியன் நகரத்துக்கு ஐம்பது கிலோமீட்டர் பக்கத்தில் இருக்கிற மனிதர்.

கல்யாணம் முடிந்த நாலாம் நாள் சீர் பார்க்க வந்தார்கள். பெண் வீட்டில் இருந்து வந்த சாமான்களை மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கூடி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பது எங்கள் பக்கம் வழக்கம். கட்டில், பீரோ, கட்டிலளவு கனத்தில் ஒரு கிரைண்டர், குத்துவிளக்கு எல்லாம் பார்த்தாயிற்று. நாத்தனார் என் பெட்டியையும் திறந்தார். அதைத் திறப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. புடவைகளை எடுத்தார், ரவிக்கைகளை எடுத்தார், அடியில் இருந்த செய்தித்தாளைப் பிரித்தார். சாட்டின் அவர் கையில் இருந்து வழுக்கி, கூடத்தின் நடுவில் போய் விழுந்தது.

கூடத்தில் ஆறு பெண்கள் இருந்தார்கள். ஆறு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

நாத்தனார் அதைத் தோள்பட்டியைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, “இதென்னம்மா, இப்படி வழுக்குது?” என்று என் மாமியாரைக் கேட்டார்.

ஒரு பெரியம்மா அருகில் வந்து தடவிப் பார்த்து, தோள்பட்டிக் கயிற்றை இழுத்தார். “பாவாடையாட்ட இருக்குது. ஆனா கவுறு எதுக்கு மேல இருக்குது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இது நான் போட்டுக்கொள்வது என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இத்தனை வருஷமும் யோசித்திருக்கிறேன். ஒன்றும் நடந்திருக்காது. நாலு நாள் பேசியிருப்பார்கள், அஞ்சாம் நாள் வேறு வீட்டில் வேறு பெட்டி திறந்திருப்பார்கள். ஆனால் அன்றைக்குக் கண்ணுக்கு எதிரே கிரைண்டர் நின்றது.

“அது கிரைண்டர் உறைங்க” என்றேன்.

“கிரைண்டருக்கா?”

“ஆமாங்க. கோயமுத்தூர்ல இப்ப இதுதானுங்க போடறாங்க.”

“அதானே பாத்தேன்” என்றார் பெரியம்மா. “கவுறு கட்டறதுக்காக்கும்.”

வேறு எந்த ஊரிலும் இந்தப் பொய் எடுபட்டிருக்காது. எங்கள் பக்கம் எடுபட்டது, ஏனென்றால் உடம்புக்குக் கிடைக்காத சொகுசெல்லாம் இங்கே மிஷினுக்குக் கிடைக்கும். அந்த வீட்டிலேயே டிவிக்கு ஃப்ரில் வைத்த வெல்வெட் உறை இருந்தது, மிக்ஸிக்குப் பூப்போட்ட உறை இருந்தது, ஃபிரிட்ஜின் கைப்பிடிக்கு லேஸ் வைத்த கையுறை இருந்தது. டிவி வெல்வெட் கட்டினால் கிரைண்டர் சாட்டின் கட்டக் கூடாதா என்ன? ஆறு பேருக்கும் திருப்தி. ஒருவர் அந்த லேஸ் எந்தக் கடையில் கிடைக்கும் என்றுகூடக் கேட்டார்.

என் மாமியார் மட்டும் அதை வாங்கக் கையை நீட்டினார். ஒல்லியான, நிமிர்ந்த பெண்மணி. மாமனார் இறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது, அதிலிருந்து வெளுத்த நிறப் புடவைகளைத் தவிர வேறு கட்டியதில்லை. கவுனை வாங்கி, அந்தப் பட்டிகளை விரலில் சுற்றிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“சரி கண்ணு. கிரைண்டருக்கே போட்டுருவோம்” என்றார்.

போட்டே விட்டார். விரிந்த பாவாடை கிரைண்டரின் வயிற்றை மூடிக் கால்வரை இறங்கியது. மார்புப் பகுதியைச் சுருட்டி உச்சியில் வைத்து, தோள்பட்டிகளால் இறுக்கி முடிச்சுப் போட்டார்கள். நாவல்களில் கதாநாயகியின் இடுப்பு பதினெட்டு அங்குலம் என்று எழுதுவார்கள். எங்கள் கதாநாயகிக்கு இடுப்பே கிடையாது, ஒரே வயிறு. அன்று நான் அம்மா வாங்கிக் கொடுத்த, கழுத்து வரை பொத்தான் வைத்த காட்டன் நைட்டியைப் போட்டுக்கொண்டேன். அதன் உள்ளே உள்பாவாடை, மேலே ஒரு துண்டு.

அந்தத் துண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் நைட்டி என்பது பகலில் போடுவது. பால் வாங்க, காய்கறி வண்டிக்காரரிடம் பேரம் பேச, பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்ற, குழாயில் தண்ணீர் பிடிக்க எல்லாவற்றுக்கும் நைட்டிதான். ஆனால் வாசல்படியைத் தாண்டினால் தோளில் ஒரு குளியல் துண்டு போட்டாக வேண்டும். கழுத்து முதல் குதிகால் வரை மூடிய உடைக்கு மேலே, முதுகு துடைக்கிற துண்டைப் போட்டு மானத்தைக் காப்பாற்றுவோம். கத்திரி வெயிலில் மூன்று அடுக்குத் துணிக்குள் வெந்துகொண்டு நிற்கும்போதெல்லாம், உறை கட்டிய கிரைண்டர் சமையலறை நிழலில் குளிர்ச்சியாக நின்றுகொண்டிருக்கும். எனக்கு அதன் மேல் பொறாமையாக இருந்தது என்பதை மறைக்க ஒன்றுமில்லை.

இதில் பெரிய அநியாயம் ஒன்று நடந்தது. மாவு தெறித்துவிட்டால் உறையைத் துவைப்போம். துவைத்தால் காயப் போட வேண்டும். மிஷின் உறைதானே, அதற்கு என்ன வெட்கம்? கொடியின் நடு மத்தியில், தெருவைப் பார்த்தபடி, நல்ல வெயிலில் இரண்டு கிளிப் மாட்டித் தொங்கவிடுவார் மாமியார். காற்றில் அந்தக் கவுன் கையைக் காலை உதறிக்கொண்டு ஆடும். போகிற வருகிற ஆம்பளைகள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டே போவார்கள். அதே கொடியின் ஓரத்தில், ஈரத் துண்டுக்கு அடியில், என் உள்ளாடைகள் மூச்சு முட்டிக் கிடக்கும்.

எடுத்துக்கொள்ளவே முயற்சி செய்யவில்லையா என்றால், ஒரு தடவை செய்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும். காய்ந்த உறையைக் கொடியில் இருந்து எடுத்து நேராக அறைக்குக் கொண்டுபோய்த் தாழ் போட்டேன். சீராக வந்த பீரோவில் நான் கேட்ட ஆள் உயரக் கண்ணாடி இருந்தது. நைட்டியின் பொத்தானில் கை வைத்தேன். வெளியில், ஊருக்கு வந்திருந்த நாத்தனார், “மாவாட்டியாச்சு, உறையக் காணமே, ஆராச்சும் பாத்தீங்களா?” என்று வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தார். கதவைத் திறந்து கொடுத்துவிட்டேன். மடிக்க எடுத்து வந்தேன் என்று அதற்கும் ஒரு பொய்.

இன்னொரு தடவை வீட்டுக்காரரிடமே சொன்னேன். அது உறை இல்லை, நான் போட்டுக்கொள்ள வாங்கியது என்று. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சமையலறைப் பக்கம் தலையைத் திருப்பி நிதானமாகப் பார்த்துவிட்டு, “இருக்கட்டும் உடு, அதுக்கு நல்லாத்தானே இருக்குது” என்றார். அந்தப் பேச்சை அதன் பிறகு நான் எடுக்கவில்லை. இரண்டு நாள் அவருக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை, அவ்வளவுதான்.

வருஷங்கள் போயின. நான் கோபியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சரானேன். மகள் பிறந்தாள், வளர்ந்தாள், பெங்களூருக்கு வேலைக்குப் போனாள். இவளாவது பட்டில் படுப்பாள் என்று பார்த்தால், கம்பெனியில் ஓசியில் கொடுத்த டீஷர்ட்டையும் அவள் அப்பா பனியன் மாதிரி ஓட்டை விழுந்த அரை டவுசரையும் போட்டுக்கொண்டு படுக்கிறாள். நான் பத்திரமாக வைத்திருந்த பழைய நாவல் ஒன்றை எடுத்து நாலு பக்கம் புரட்டிவிட்டு, “அம்மா, இந்தப் பொண்ணுக்கு மழை பெய்யறப்ப வெளிய போகாம இருக்கவே தெரியாதா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நாங்கள் எட்டுப் பேர் உட்கார்ந்து படித்த காலத்தில் எங்களில் ஒருத்திக்கும் அது தோன்றவில்லை.

போன மாதம் அந்தக் கிரைண்டர் நின்றுபோனது. வீட்டுக்காரர் கழற்றிப் பார்த்து, இனி ஆகாது என்று சொல்லிவிட்டார். மேசை மேல் வைக்கும் சின்னக் கிரைண்டர் வாங்கினோம். பழையதை எடுத்துப்போகக் கடையில் இருந்து இரண்டு பேர் வண்டியோடு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, நானும் மாமியாரும் மட்டும் வீட்டில். அவருக்கு இப்போது எழுபதுக்கு மேல் ஆகிறது. ஒல்லி மட்டும் அப்படியே இருக்கிறது, நிமிர்வு கொஞ்சம் குறைந்துவிட்டது. ஆட்கள் கிரைண்டரைத் தொடும் முன்னால் அவர் குறுக்கே போய் நின்றார்.

“சித்தெ இருங்க தம்பி” என்று சொல்லிவிட்டு, உச்சி முடிச்சை ஒரு ஹேர்பின்னால் நிதானமாக அவிழ்த்தார். உறையை உருவி, இரண்டு உதறு உதறி, தோள்பட்டிகளை உள்ளே மடித்து, புடவை மடிப்பது போல மடித்து என் கையில் கொடுத்தார். வண்டி போகும் வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

“அத பீரோல வை கண்ணு.”

“இது எதுக்குங்கத்தை? புதுக் கிரைண்டருக்கு நெம்பப் பெருசு. தூக்கிப் போட்டறலாங்க.”

“உன்ர துணி. உன்ர பீரோல வை.” நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். “கிரைண்டருக்கு எதுக்கு கண்ணு தோள்ல கவுறு?”

எனக்கு முகம் சுட்டது. ஐம்பத்து மூன்று வயதில், வகுப்பில் நாற்பது பிள்ளைகளை மிரட்டுகிறவள், பெட்டி திறந்த அன்றைக்கு நின்ற மாதிரியே நின்றேன்.

“உங்களுக்கு எப்பங்கத்தை தெரியும்?”

“பாத்த அன்னைக்கேதான். எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?”

“அப்பறம் ஏனுங்க ஒண்ணும் சொல்லலை?”

“என்னத்தச் சொல்றது? ஆறு பேத்துக்கு முன்னால நீ உறைன்னு சொன்னே. நான் இல்லைன்னு சொன்னா உன்ர மானம் போயிருமல்ல. சரி, நாலு நாள் மிஷின்மேல கெடக்கட்டும், பொறவு அவளே எடுத்துக்குவாள்னு பாத்தேன். நீ எடுக்கவே இல்ல. நானும் வெயில்ல நல்லாக் காயவெச்சு வெச்சுக் குடுத்தேன். அப்பவும் கொண்டுபோயி மிஷினுக்கே கட்டுனே.”

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் முதலில், பிறகு யார் மேல் என்று தெரியவில்லை. “ஒரு வார்த்தை எங்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாமுங்கல்ல” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

“நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்ல” என்றார் அவர், குரல் உயராமல்.

கிரைண்டர் நின்ற இடத்தில் தரை மட்டும் புதுசாக, சதுரமாகத் தெரிந்தது. பிறகு அவர் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, “நான் ஒருக்கா போட்டுப் பாத்தேன்” என்றார்.

“எதைங்கத்தை?”

“அதத்தான்.”

நான் உட்கார்ந்துவிட்டேன்.

“பாப்பாளுக்கு மொட்டையடிக்க நீங்கெல்லாம் சென்னிமலைக்குப் போனீங்கல்ல. எனக்குக் கால் சுளுக்கி வாரலைன்னு சொல்லிப்போட்டேன். மத்தியானம் ஊட்ல ஆருமில்ல. அத அவுத்தேன், உன்ர ரூம்புக்குப் போனேன், கதவச் சாத்திப்போட்டுப் போட்டுக்கிட்டேன். ஜில்லுன்னு இருந்துச்சு.”

“கண்ணாடில பாத்தீங்களா?”

“பாக்காம? அதுக்குத்தான நொண்டி நொண்டி அம்புட்டுத் தூரம் போனது.” சிரிக்கவில்லை அவர். “நெம்ப நேரம் பாத்தேன். பொறவு நீங்க வார நேரமாச்சுன்னு கழட்டி, கட்டிப்போட்டேன்.”

சென்னிமலைக்குப் போன அன்றைக்கு அவருக்கு நாற்பத்தெட்டு வயது இருக்கும். வெளுத்த புடவைகளைக் கழற்றி வைத்துவிட்டு, என் கண்ணாடி முன்னால், என் கவுனில் அவர் நின்றிருக்கிறார். மாமியாருக்கும் எனக்கும் இடையில் அதுவரை எத்தனையோ மனத்தாங்கல் இருந்தது, ஆனால் இவ்வளவு பொறாமை வந்ததில்லை. நான் இத்தனை வருஷம் கிண்டல் செய்த அந்த மாடிப்படிக் கதாநாயகிகளுக்கு இருந்த துணிச்சல்கூட எனக்கு இல்லாமல் போயிருக்கிறது. அவர்களுக்குப் பாவம், துவைக்கத்தான் தெரியாது.

எழுந்து அறைக்குப் போனேன். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். இந்த முறை உறையைக் காணோம் என்று தேட யாரும் இல்லை. துண்டை எடுத்தேன், நைட்டியைக் கழற்றினேன், மடிப்பைப் பிரித்து அதைத் தலைக்கு மேலே தூக்கினேன். புளித்த மாவு வாடையும் சோப்பு வாடையும் கலந்து வந்தது. சாட்டின் இன்னும் வழுக்கியது. கை நுழைந்தது, தலை நுழைந்தது. தோளுக்குக் கீழே வந்து நின்றுவிட்டது. இழுத்தேன். அன்று திருப்பூரில் கோணலாக விட்ட அந்தப் பக்கத் தையல் டர்ரென்று ஒரு சாண் பிரிந்தது. அதற்கு மேல் இழுக்கவில்லை. கண்ணாடியில் தலையும் தூக்கிய இரண்டு கையும், கழுத்தைச் சுற்றிப் பாதாம்பால் நிறத்தில் ஒரு சுருணையும் தெரிந்தன.

கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் வந்து நின்றது.

“ஏங்கண்ணு, ஆச்சா?”

“பத்தலைங்கத்தை” என்றேன்.

“எனக்குச் சரியா இருந்துச்சு” என்றார் அத்தை.